தரையில் ஒரு கோடு, தெருவில் ஓர் ஆட்டம்

ஆனி மாதத்துப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் நடக்கும் மாங்கனித் திருவிழாவைப் பலரும் அறிவர். காரைக்கால் அம்மையாரின் வரலாற்றை நினைவூட்டும் விழா அது. பிச்சாண்டவர் வீதியுலா வருகையில் வீட்டு மாடிகளிலிருந்து மக்கள் மாம்பழங்களை இறைக்கிறார்கள். கீழே நிற்கும் கூட்டம் கைகளை ஏந்தியும் முந்தானையை விரித்தும் அவற்றைப் பிடிக்கிறது. பிடித்தவருக்கு மகிழ்ச்சி, தவறவிட்டவருக்குச் சிரிப்பு. பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியாவிட்டாலும், "அதோ, இந்தப் பக்கம் வருகிறது!" என்று ஒருவருக்கொருவர் கூவிக்கொள்கிறார்கள்.

இது வழிபாடு, இதை விளையாட்டு என்று சொல்லிவிட முடியாது. எனினும், பொது இடங்களைப் பற்றிச் சிந்திப்பவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. இங்கே என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. பார்த்த மாத்திரத்தில் புரிகிறது. ஆறு வயதுச் சிறுமியும் அறுபது வயதுப் பாட்டியும் ஒரே தெருவில், ஒரே நேரத்தில், ஒரே பொருளை நோக்கிக் கையை நீட்டுகிறார்கள். விழா முடிந்ததும் அதே தெரு வண்டிகளுக்குத் திரும்பிவிடுகிறது. பிறகு அங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அரிது.

ஆண்டின் மற்ற நாட்களிலும் தெருவையும் கடற்கரையையும் பூங்காவையும் மக்கள் கூடி மகிழும் இடமாக்க முடியுமா? பெரும்பொருள் செலவிடாமல், ஒரு சுண்ணக்கட்டியும் ஒரு நல்ல விதியும் கொண்டு இதைச் செய்ய முடியுமா? முடியும் என்பதற்கு நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் சான்றுகள் பல உள்ளன. அவற்றைக் காண்போம்.

தெரு யாருடையது?

இரண்டு தலைமுறைகளுக்கு முன்னர் நம் ஊர்த் தெருக்களில் பாண்டியும் கோலியும் கிட்டிப்புள்ளும் பம்பரமும் பருவத்துக்கு ஒன்றாக மாறி மாறி வந்தன. இன்று அதே தெருவில் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் நிற்கின்றன. நிற்காத நேரத்தில் ஓடுகின்றன. குழந்தைகள் வீட்டுக்குள் போய்விட்டனர். முதியோர் திண்ணையை இழந்தனர்.

இது வெறும் பழைய நினைவுக்காக வருந்தும் வருத்தமன்று. 5 முதல் 17 வயது வரையிலுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரமேனும் மூச்சு வாங்கும்படி உடலை இயக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. குழந்தைகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 1989-ஆம் ஆண்டில் உருவானது. அதன் 31-ஆம் பிரிவு விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்றே வகுக்கிறது. 1992-ஆம் ஆண்டில் இந்தியாவும் அதில் சேர்ந்தது. உரிமை ஏட்டில் இருக்கிறது. அதைச் செலுத்த இடம் எங்கே என்பதுதான் கேள்வி.

எல்லா ஊர்களிலும் புதிதாக மைதானம் அமைக்க நிலம் கிடைக்காது. ஆகவே, இருக்கும் இடத்தையே ஆட்டத்துக்கு ஏற்றதாக்கும் கலை தேவைப்படுகிறது.

மைதான ஆட்டமும் பொது இட ஆட்டமும்

கிரிக்கெட், கால்பந்து முதலியவற்றை ஆடுவோர் ஆடுவதற்கென்றே வருகின்றனர். விதிகள் அவர்களுக்குத் தெரியும், நடுவரும் உண்டு. இருபுறமும் ஏறத்தாழ ஒத்த வயதினர், ஒத்த வலிமையினர்.

பொது இடத்தில் நிலைமை வேறு. அங்கே வருபவர் வேறு வேலையாக வருகிறார். காற்று வாங்க வந்திருக்கலாம், பேருந்துக்குக் காத்திருக்கலாம். அவருக்கு விதி தெரியாது. அதைப் படித்தறியும் பொறுமையும் இராது. அவருடன் ஆடக்கூடியவர் ஒரு சிறுவனாகவோ தள்ளாத முதியவராகவோ இருக்கலாம். ஐந்து நிமிடத்தில் அவர் போய்விடவும் கூடும்.

எனவே பொது இட ஆட்டத்தை வடிவமைப்பவர் மூன்று சிக்கல்களைத் தீர்த்தாக வேண்டும். முதலாவது, விதி சொல்லாமலே புரிய வேண்டும். இரண்டாவது, வலியவரும் எளியவரும் சேர்ந்து ஆட இடமிருக்க வேண்டும். மூன்றாவது, நாளைக்கும் ஆடத் தோன்ற வேண்டும்.

கல்லில் எழுதிய விதிகள்

முதல் சிக்கலை நம் முன்னோர் அழகாகத் தீர்த்திருக்கின்றனர். தமிழகத்துப் பழங்கோயில்கள் பலவற்றின் மண்டபங்களில் சற்றுக் குனிந்து தரையைப் பாருங்கள். ஆடு புலி ஆட்டத்தின் கட்டமோ, பல்லாங்குழியின் குழிகளோ கல்லில் வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம். காவலுக்கு இருந்தவர்களும், வழிநடையாக வந்து நிழலில் ஒதுங்கியவர்களும் அங்கே ஆடியிருப்பார்கள் என்று எண்ண இடமுண்டு. ரோமாபுரியின் பழைய பொதுச்சதுக்கத்தில் ஜூலியா மன்றம் என்னும் கட்டடம் இருந்தது. அதன் படிக்கட்டுகளிலும் இத்தகைய ஆட்டக் கட்டங்கள் கீறப்பட்டுள்ளன. காத்திருக்கும் மனிதன் எங்கும் ஒரே மாதிரிதான்!

இந்தக் கோடுகளை வெறும் எல்லைக்கோடுகள் என்று எண்ணலாகாது, இவையே விதிகள். ஆடு புலி ஆட்டத்தில் கோடு இருக்கும் வழியாகத்தான் காய் நகரும். கோடுகள் சந்திக்கும் இடத்தில்தான் நிற்கும். பாண்டி ஆட்டத்தில் கட்டமே, "இங்கே ஒற்றைக் கால், அங்கே இரட்டைக் கால்" என்று சொல்லிவிடுகிறது. விதியின் பெரும் பகுதியைத் தரையே நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆடுபவர் மீதியை மட்டும் அறிந்தால் போதும். அதைப் பக்கத்தில் நிற்பவர் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

காய்களுக்கும் செலவில்லை. கூழாங்கல், புளியங்கொட்டை, உடைந்த ஓட்டுச்சில் என்று அங்கே கிடைப்பதே காய். களவு போகும் பொருள் எதுவும் இல்லாததால், காவலும் தேவைப்படவில்லை.

மூன்று புலியும் பதினைந்து ஆடும்

இரண்டாவது சிக்கலான ஏற்றத்தாழ்வுக்கும் ஆடு புலி ஆட்டம் ஒரு விடையைக் காட்டுகிறது. தமிழகத்தில் பரவலாக ஆடும் முறையில் 23 சந்திகள் உண்டு. ஒருவருக்கு 3 புலிகள். மற்றவருக்கு 15 ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆட்டால் வெட்ட இயலாது. சூழ்ந்து நின்று புலியை நகரவிடாமல் அடைக்கலாம். இரு தரப்பின் ஆற்றல் வேறு, எண்ணிக்கை வேறு, வெல்லும் வழியும் வேறு. ஆனாலும் ஆட்டம் சமனாக நிற்கிறது.

இச்சமன் எவ்வளவு நுட்பமானது என்பதை நேபாளத்து உறவாட்டமான பாக் சாலிலிருந்து அறியலாம். அதில் 25 சந்திகள், 4 புலிகள், 20 ஆடுகள். லிம், நீவர்கெல்ட் என்னும் இரு அறிஞர்கள் அதைக் கணிப்பொறி கொண்டு ஆராய்ந்தனர். இரு தரப்பும் சிறு பிழையுமின்றி ஆடினால் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடியும் என்று நிறுவினர். பெயர் தெரியாத மக்கள் ஆடி ஆடித் திருத்திய ஓர் ஆட்டம் தராசு முள்போல் நடுவில் நிற்கிறது!

இரு தரப்பையும் ஒரே அச்சாக வார்த்தால்தான் நியாயம் கிடைக்கும் என்பதில்லை. அவரவருக்கு ஏற்ற வழியைக் கொடுத்தும் நியாயத்தை உண்டாக்கலாம்.

ஒரு முடக்குவாதக்காரரும் ஒரு வட்டமும்

இதே உண்மையை வேறொரு வழியில் காட்டும் வரலாறு பிரான்சு நாட்டிலிருந்து வருகிறது. காரைக்கால் 1739-ஆம் ஆண்டு முதல் பிரெஞ்சுக்காரர் தொடர்பைப் பெற்ற ஊர். 1954 நவம்பர் 1-ஆம் நாள்தான் அதன் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. காரைக்காலின் தலைநகரான புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற பழக்கங்களில் ஒன்று பெத்தாங்க் என்னும் இரும்புக்குண்டு ஆட்டம். அது இன்றும் அங்கே ஆடப்படுகிறது.

இந்த ஆட்டம் பிறந்த கதை சுவையானது. தென் பிரான்சில் முன்பே ஒரு குண்டு ஆட்டம் இருந்தது. அதில் சில அடிகள் ஓடிவந்து குண்டை எறிய வேண்டும். லா சியோத்தா என்னும் கடற்கரை ஊரில் ழூல் லெனுவார் என்ற தேர்ந்த ஆட்டக்காரர் இருந்தார். முடக்குவாதம் வந்து அவரால் ஓட முடியாமற் போயிற்று. நண்பர்கள் ஆட, அவர் ஓரத்தில் அமர்ந்து பார்க்க நேர்ந்தது. 1907-ஆம் ஆண்டு வாக்கில், எர்னெஸ்ட் பித்தியோ என்னும் அவ்வூர்க்காரர் இதற்கு ஒரு வழி கண்டார். ஆடுகளத்தின் நீளத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தனர். தரையில் ஒரு சிறு வட்டம் வரைந்து, எல்லோரும் அதனுள் இரு கால்களையும் ஊன்றி நின்றே எறிய வேண்டும் என்று விதித்தனர். 'ஊன்றிய கால்கள்' என்று பொருள்படும் வட்டாரச் சொல்லே ஆட்டத்துக்குப் பெயராயிற்று. 1910-இல் இப்புதிய விதிகளின்படி முதற்போட்டி நடந்தது.

இன்று ஆட்டக்காரர்கள் 650 முதல் 800 கிராம் எடையுள்ள குண்டுகளை, 6 முதல் 10 மீட்டர் தொலைவிலுள்ள ஒரு சிறு மரக்குண்டின் அருகே நிறுத்த முயல்கின்றனர். 13 புள்ளி எடுத்தவர் வெல்வார். புல்தரை வேண்டாம், கூரை வேண்டாம், மரத்தடிச் சரளைமண் போதும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். "பாவம், லெனுவார் மட்டும் நின்றபடி எறியட்டும்" என்று அவர்கள் சலுகை கொடுக்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் சில நாளில் அவரே கூச்சப்பட்டு விலகியிருக்கலாம். அனைவருக்கும் விதியை மாற்றினார்கள். ஒருவருக்காக மாற்றிய விதி தாத்தாக்களுக்கும் பாட்டிகளுக்கும் பேரக்குழந்தைகளுக்கும் கதவைத் திறந்துவிட்டது.

புதுமை தீர்ந்த பின்பு?

மூன்றாவது சிக்கல் நீடிப்பு. 2009-ஆம் ஆண்டில் சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில், ஓடன்பிளான் சுரங்க ரயில் நிலையப் படிக்கட்டைப் பியானோவாக மாற்றினர். ஒவ்வொரு படியும் மிதித்தால் ஒரு சுரம் ஒலிக்கும். பக்கத்திலேயே நகரும் மின்படி இருந்தும், வழக்கத்தைவிட 66 சதவீதம் அதிகமானோர் சாதாரணப் படியில் ஏறினர் என்று அதை அமைத்தவர்கள் அறிவித்தனர். மகிழ்ச்சி மனிதனை அசைக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அது குறுகிய காலச் சோதனை. நாள்தோறும் அவ்வழியே போகிறவருக்கு நூறாம் முறை அதே ஒலி என்ன புதுமை தரும்?

இதற்கு மாறான ஒரு பாதையை ஆல்டோ வான் ஐக் என்னும் டச்சுக் கட்டடக் கலைஞர் காட்டினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947 முதல் 1978 வரை, ஆம்ஸ்டர்டாம் நகரில் 700-க்கு மேற்பட்ட ஆடுகளங்களை அவர் வடிவமைத்தார். பல, வீடுகளுக்கிடையே வெறுமையாய்க் கிடந்த மனைகள். அவர் வைத்தவை மிகச் சில: அகன்ற விளிம்புள்ள மணற்தொட்டி, வட்டக் கான்கிரீட்டுத் திட்டுகள், வளைந்த இரும்புக் கம்பிகள். யானை வடிவமோ விமான வடிவமோ இல்லை. அந்தத் திட்டு ஒரு குழந்தைக்குத் தீவு, மற்றொரு குழந்தைக்குக் கடை, மாலையில் தாய்க்கு இருக்கை. பொருள் தன் பயனை முழுதும் சொல்லிவிடாததால், குழந்தை நாள்தோறும் புதிதாகச் சொல்லிக்கொள்கிறது.

ஆடு புலி ஆட்டம் நீடிப்பதற்கும் காரணம் இதுவே. கட்டம் மாறுவதில்லை; எதிரில் இருப்பவர் மாறுகிறார். கருவியின் புதுமை தேய்ந்துவிடும். மனிதனின் புதுமை தேய்வதில்லை.

அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வைட் நகரத்துச் சதுக்கங்களில் மக்கள் எங்கே நிற்கின்றனர், எப்போது பேசுகின்றனர் என்று பல ஆண்டுகள் உற்றுநோக்கி, 1980-இல் ஒரு நூல் வெளியிட்டார். முன்பின் அறியாத இருவர் பேசத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் மூன்றாவதாக ஒன்று வேண்டியிருக்கிறது என்று அதில் காட்டினார். ஒரு சிலையோ தெருப்பாடகரோ அந்த மூன்றாவதாக அமையலாம். தரையில் வரைந்த ஆட்டமும் அத்தகைய ஒன்றே.

காரைக்கால் கடற்கரைக்கு ஓர் ஆட்டம்

இனி நாமே ஓர் ஆட்டத்தை வடிவமைத்துப் பார்ப்போம். அரசலாறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டியுள்ள காரைக்கால் கடற்கரைக்கு மாலையில் குடும்பங்கள் வருகின்றன. தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து ஆடத்தக்க ஆட்டம் வேண்டும்.

ஒரு மூங்கில் கூடையை வையுங்கள். அதிலிருந்து ஒரு மீட்டரில் முதற்கோடு. பிறகு அரை மீட்டருக்கு ஒன்றாக மொத்தம் பத்துக் கோடுகள். பழந்துணியைச் சுருட்டிக் கட்டிய ஒரு பந்து. விதி ஒன்றே: கூடையில் விழுந்தால் ஒரு கோடு பின்னால் போ, தவறினால் ஒரு கோடு முன்னால் வா. இதற்கு 'நகரும் கோடு' என்று பெயரிடுவோம்.

என்ன நிகழும்? நன்றாக எறிபவர் பின்னுக்குப் போய்க்கொண்டே இருப்பார். ஓரிடத்தில் தவறத் தொடங்குவார். சிறுமி முன்னுக்கு வந்து, ஓரிடத்தில் கூடையில் போடத் தொடங்குவாள். இறுதியில் ஒவ்வொருவரும், ஏறக்குறையப் பாதி விழுந்து பாதி தவறும் தம் சொந்தக் கோட்டின் அருகே வந்து நிற்பர். காது கேட்கும் திறனைச் சோதிப்போர் இதையொத்த முறையைக் கையாளுகின்றனர். கேட்டால் ஒலியைக் குறைத்தும், கேட்காவிட்டால் கூட்டியும் கேள்வியின் எல்லையைக் கண்டுபிடிப்பர்.

இதில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. ஒருவர் 4-ஆம் கோட்டில் தொடங்கிப் பத்து எறிகளில் 7 விழுந்து 3 தவறினால், அவர் நிற்பது 4 + 7 – 3 = 8-ஆம் கோடு. ஆகவே எல்லோரும் 4-ஆம் கோட்டில் தொடங்கி, விழுந்தவற்றை மட்டும் எண்ணினால், தூரம் எறிய வல்லவரே வெல்வார், பேத்திக்கு வாய்ப்பில்லை. இதற்கு வழி என்ன? முதல் எட்டு எறிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை தன் கோட்டைத் தேடும் எறிகள். அடுத்த பத்தை மட்டும் எண்ணுங்கள். இப்போது தாத்தாவுக்கும் ஐந்தை ஒட்டி. பேத்திக்கும் ஐந்தை ஒட்டி. யார் வெல்வார் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆட்டத்தின் உயிர் அதுதான்.

"தேடும் எறிகளில் வேண்டுமென்றே தவறவிட்டுக் கூடைக்கு அருகே நின்றுகொண்டால்?" என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. ஏமாற்ற நினைப்பவனையும் மனத்தில் வைத்துத்தான் விதி செய்ய வேண்டும். 8-ஆம் கோட்டுக்குரியவர் ஒருவர் 4-ஆம் கோட்டில் பதுங்கினார் என்போம். எண்ணும் எறிகளில் அவர் பந்து விழ விழப் பின்னுக்குத் தள்ளப்பட்டு மீண்டும் 8-க்கே வருவார். அதற்குள் அவர் பெறுவது 7. நேர்மையாக ஆடியிருந்தால் 5. ஆக, ஆதாயம் இரண்டே புள்ளி. அடுத்த சுற்றில் தேடும் எறி கிடையாது, முன் சுற்றில் நின்ற கோட்டிலேயே தொடங்க வேண்டும் என்று வைத்துவிட்டால் அந்த ஆதாயமும் போய்விடும்.

லெனுவாரின் நண்பர்கள் செய்ததும் இதுதான். யாருக்கும் சலுகை இல்லை, ஒரே விதி. ஆனால் அந்த விதி ஒவ்வொருவரையும் அவரவர் எல்லையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் அது தனி விதி கேட்பதில்லை.

இடம் பார்த்து வரைக

ஆட்டம் நன்றாயிருந்தும் இடம் தவறினால் பயனில்லை. வண்டி ஓடும் சாலை ஆகவே ஆகாது. பந்து சாலைப் பக்கமோ நீர்ப் பக்கமோ ஓடும்படி திசை வைக்கலாகாது. நடப்பவர் வழியை மறிக்காமல், அதே சமயம் அவர் கண்ணில் படும்படி ஓரமாக வரைய வேண்டும். அருகே அமர்ந்து பார்க்க ஒரு திட்டு இருந்தால் நல்லது. பார்வையாளரே நாளைய ஆட்டக்காரர். கருங்கல்லும் சிமெண்டும் பகல் வெயிலை வாங்கி வைத்து வெறுங்காலைச் சுடும். ஆகவே நிழலையோ மாலை வேளையையோ நாடுக. வழுவழுப்பான வண்ணம் மழையில் வழுக்கும்.

முதலில் சுண்ணக்கட்டியால் மட்டும் வரையுங்கள். பிழையான ஆட்டத்தை மழை இலவசமாக அழித்துவிடும்! நிலைத்த வண்ணம் தீட்டுவதானால் நகராட்சியின் அனுமதி பெற வேண்டும்.

நீங்களே ஆராயலாம்

மாணவர்கள் இதை ஓர் ஆய்வாகவே செய்யலாம். ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, கோடு இல்லாத ஒரு சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் நோட்டுப் புத்தகத்துடன் அமருங்கள். கடந்து சென்றோர், நின்றோர், அறியாத ஒருவருடன் பேசியோர் ஆகியோரைக் கோடு கிழித்து எண்ணுங்கள். அடுத்த சனிக்கிழமை, அதே நேரத்தில், ஆட்டத்தை வரைந்துவிட்டு மீண்டும் எண்ணுங்கள், ஆடியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்து எண்ணை நம்பிவிடாமல் சில வாரங்கள் தொடருங்கள். புதுமை தேய்கிறதா, ஆட்டம் வேரூன்றுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

மற்றொன்றும் செய்யுங்கள். ஆடியவர்களை எண்ணிய பிறகு, ஆடாமல் ஓரத்தில் நின்றவர்களைக் கவனியுங்கள். பெண்கள் நின்றார்களா? முதியவர்கள் நின்றார்களா? சிறுவர் கூட்டம் இடத்தைப் பிடித்துக்கொண்டதா? ஏன் ஆடவில்லை என்று அவர்களிடம் பணிவாகக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் காரணத்தில்தான் அடுத்த விதி பிறக்கும். லா சியோத்தாவில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரைக் கவனித்ததால்தான் உலகத்துக்கு ஓர் ஆட்டம் கிடைத்தது. உங்கள் ஊர்க் கடற்கரையின் ஓரத்திலும் யாரோ ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.